பன்றிக்குத் திறந்தவெளி வேண்டும் என்கிறது விதி; வளர்ப்பவருக்கு நிலம் எங்கே?

2023 ஜனவரியில் முதுமலைப் புலிகள் காப்பகத்தில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. ஆய்வில் அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர், 2022 ஜூலையில், மலைக்கு அப்பால் வயநாட்டின் மானந்தவாடிப் பகுதிப் பண்ணைகளில் இதே நோய் கண்டறியப்பட்டு, நூற்றுக்கணக்கான வளர்ப்புப் பன்றிகள் கொல்லப்பட்டன. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் பன்றிக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் மரணம்தான், சிகிச்சை கிடையாது. ஆகவே பண்ணையில் நோய் கண்டால், அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பன்றிகள் அனைத்தையும் கொன்று புதைப்பதும், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் அரசின் நடைமுறை.

காட்டுப்பன்றியிடமிருந்து வளர்ப்புப் பன்றிக்கும், வளர்ப்புப் பன்றியிடமிருந்து காட்டுப்பன்றிக்கும் இந்நோய் செல்லும். வேலியில்லாமல் திரியும் பன்றிதான் இவ்விரண்டுக்கும் இடையிலான வழி. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் காடும் தேயிலைத் தோட்டமும் லைன் வீடுகளும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. எனவே, விலங்குகளை அடைப்பிலிருந்து வெளியே விட்டால் போதும், அதுவே அவற்றின் நலம் என்று மேலைநாடுகளில் எழும் முழக்கம் இம்மலையில் அப்படியே பொருந்துவதில்லை. அடைத்து வையுங்கள் என்ற அதிகாரிகளின் உத்தரவும் தீர்வாகாது. அடைப்பதற்குக் கொட்டகை வேண்டும். கொட்டகைக்கு நிலம் வேண்டும். நிலத்துக்குப் பட்டா வேண்டும். இயற்கை முறையிலும் திறந்தவெளியிலும் வளரும் கோழி, பன்றிகளின் நலத்தை எவ்வாறு மேம்படுத்துவது என்பது கால்நடை மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய கேள்வியாகத் தோன்றலாம். நீலகிரியில் அது நில உரிமைக் கேள்வியாகவும் சாதிக் கேள்வியாகவும் மாறிவிடுவது இவ்வாறுதான்.

இக்கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. நீலகிரியை முழுமையான இயற்கை வேளாண் மாவட்டமாக மாற்ற வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. காய்கறியோடும் தேயிலையோடும் நிற்காமல், முட்டைக்கும் இறைச்சிக்கும் ‘இயற்கை’ முத்திரை வரும் காலம் தொலைவில் இல்லை. முத்திரை வந்தால் விலை உயரும். அந்த விலை யார் வீட்டுக்குப் போகும் என்பதை, விதிகள் நடைமுறைக்கு வரும் முன்பே பேசிவிடுவது நல்லது.

கோழி என்ன கேட்கிறது?

விலங்கு நலம் என்பதைச் சீவகாருண்யத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சீவகாருண்யம் மனிதரின் மனநிலையைப் பற்றியது. விலங்கு நலம் விலங்கின் நிலையைப் பற்றியது. கொல்லலாமா, உண்ணலாமா என்பது வேறு விவாதம். உயிரோடிருக்கும் நாள்களில் அவ்விலங்கு எவ்வாறு இருக்கிறது என்பதே இங்குள்ள கேள்வி. 1964-இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி, ஆலைகளைப் போல நடத்தப்படும் பண்ணைகளைப் பற்றி ‘விலங்கு எந்திரங்கள்’ என்ற பொருள்படும் நூலை எழுதினார். எழுந்த அதிர்ச்சியில் பிரிட்டன் அரசு பிராம்பெல் குழுவை அமைத்தது. எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதிக்கொள்ளவும், கைகால்களை நீட்டவும் ஒவ்வொரு விலங்குக்கும் இடம் வேண்டும் என்று 1965-இல் அக்குழு கூறியது. அதுவே பின்னர் ‘ஐந்து சுதந்திரங்கள்’ என்று விரிந்தது: பசி தாகத்திலிருந்து விடுதலை, இருப்பிடத் துன்பத்திலிருந்து விடுதலை, வலி காயம் நோயிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் உரிமை. இவ்வைந்தையும் லைன் வீட்டுக் குடும்பம் ஒன்றுக்குப் பொருத்திப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. நாம் சொல்லும் முன்பே வாசகர் பொருத்திப் பார்த்திருப்பார்.

இந்தியச் சட்டத்துக்கும் இது புதிதன்று. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 3-ஆம் பிரிவு, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்க வேண்டும் என்கிறது. 11-ஆம் பிரிவு வதையை வரையறுக்கிறது. 2014-இல் நாகராஜா வழக்கில், அதாவது சல்லிக்கட்டு வழக்கில், உச்ச நீதிமன்றம் இப்பிரிவுகளுக்குள் ஐந்து சுதந்திரங்களையும் வைத்துப் படித்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு சல்லிக்கட்டுக்கான திருத்தச் சட்டங்களை ஏற்றுக்கொண்டது உண்மையே. ஆனால் கோழிக்கும் பன்றிக்கும் அந்த 3-ஆம் பிரிவும் 11-ஆம் பிரிவும் அப்படியே நிற்கின்றன.

கோழி, செங்காட்டுக்கோழியின் வழிவந்தது. அதன் நெருங்கிய உறவான சாம்பல் காட்டுக்கோழியை நீலகிரியின் காட்டோரங்களில் இன்றும் காணலாம். மரநிழலில் சருகைக் கிளறி இரை தேடும். புழுதியில் குளித்து இறகைத் தூய்மை செய்யும். இரவில் உயரமான இடத்தில் அடையும். மறைவான இடத்தில் முட்டையிடும். பல்லாயிரம் ஆண்டு வளர்ப்புக்குப் பிறகும் வீட்டுக்கோழி இந்நான்கையும் மறக்கவில்லை. நாமக்கல் வட்டாரத்துக் கூண்டுப் பண்ணைகளில் இந்நான்குக்கும் இடமில்லை. 2017 ஜூலையில் இந்தியச் சட்ட ஆணையம் தனது 269-ஆவது அறிக்கையில் கோழிகளின் இருப்பிடம், போக்குவரத்து பற்றி வரைவு விதிகளைப் பரிந்துரைத்தது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு ஒரு முட்டைக்கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் ஒதுக்கியது. நாம் மனு எழுதும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர்.

இயற்கை முறைக்கான தரங்கள் இதற்கு நேரெதிரானவை. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, கொட்டகைக்குள் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு முட்டைக்கோழிகளுக்கு மேல் கூடாது. வெளியே ஒவ்வொரு கோழிக்கும் நான்கு சதுர மீட்டர் நிலம் வேண்டும். இந்தியாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் தரங்களும் கோழியையோ பன்றியையோ கூண்டில் அடைப்பதை ஏற்பதில்லை. அத்தரங்கள் தடைசெய்யும் மற்றொன்றின் பெயரைக் கவனியுங்கள்: ‘நிலமற்ற கால்நடை வளர்ப்பு’. மண்ணைத் தொடாமல் ஆலைபோல் நடக்கும் வளர்ப்பைத்தான் அது குறிக்கிறது. நோக்கம் சரியானது. ஆனால் அச்சொல் நீலகிரிக்கு வந்து சேரும்போது அது யாரைப் போய்த் தொடுகிறது என்பதற்குப் பின்னர் வருவோம்.

திறந்தவெளி கிடைத்ததாலேயே கோழி நலமாகிவிடுவதில்லை. வெட்டவெளியில் கதவைத் திறந்துவிட்டால் பெரும்பாலான கோழிகள் கொட்டகைச் சுவரை விட்டு நகர்வதில்லை என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட செய்தி. மேலே பருந்து வருமோ என்ற அச்சம் அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. மரமோ புதரோ இருந்தால்தான் அவை தொலைவு செல்லும். தேயிலைச் செடிகளுக்கிடையே கோழிகள் மகிழ்ச்சியாக மேய்வதற்குக் காரணம் இதுதான். அங்கே வேறோர் ஆபத்து உண்டு. தேயிலைக்கு மருந்து தெளிக்கும் நாளில் கீழே மேயும் கோழிக்கு யாரும் அறிவிப்பு கொடுப்பதில்லை. தெளிப்பவருக்கே கையுறை கொடுக்காத தோட்டங்கள் உள்ள நாட்டில் கோழியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே மருந்து. தெளிப்பு அட்டவணையை லைன் வாசலில் ஒட்டச் செய்தால் இரண்டு உயிர்களுக்கும் பாதுகாப்பு.

குளிர் இம்மலையின் தனிச்சிக்கல். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டி. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு 33 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் ஊரில் மின்விளக்கு இல்லாமல் இதை எப்படிச் செய்வது? தாய்க்கோழியே சிறந்த விடை. அடைக்கோழியின் கீழ் பொரித்த குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் மூடி, அடியில் காய்ந்த புல்லைப் பரப்பி வளர்த்த நம் பாட்டிமார்களின் முறை, மின்சாரம் தேவைப்படாத முறை. அதற்குச் சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி வேண்டும். அடைகாக்கும் குணத்தையே நீக்கி உருவாக்கப்பட்ட கலப்பினத்தைத் திட்டத்தில் இலவசமாகக் கொடுத்தால் அடுத்த தலைமுறைக் குஞ்சு வராது. விலங்கு நலம் என்பது எந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

மழைக்காலத்தில் ஈரத்தரையில் இரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் பெருகும். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் மேயவிடாமல், நிலத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுவதும், கூண்டின் தரையை நிலத்திலிருந்து உயர்த்துவதும் மருந்தைவிடப் பயன் தரும். கூண்டு உயரமாகவும் இரவில் இறுக மூடியும் இருந்தால் கீரியும் காட்டுப்பூனையும் நுழையா. சிறுத்தை வேறு கணக்கு. அது நாய்க்கும் கோழிக்கும் வாசலுக்கே வரும் மலை இது. வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் தடுப்பூசியைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு ஏன் அரசு முகாம் தேவை என்றால், அம்மருந்துக் குப்பி நூறு கோழிகளுக்கானது. கரைத்த பின் சில மணி நேரமே தாங்கும். எட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டால் அதைத் தனியே வாங்கிப் போட இயலாது.

பன்றியின் மூக்கும் மண்ணும்

பன்றியைப் பற்றி நம் சமூகம் அறிந்திருப்பதைவிட அதை இழிவாகப் பேசக் கற்றிருப்பதே அதிகம். பன்றிக்குக் கண்ணைவிட மூக்கு முதன்மையானது. நாளில் பல மணி நேரம் மண்ணைக் கிளறுவது அதன் இயல்பு. கிளற எதுவுமில்லாத சிமெண்டுத் தரையில் அடைத்தால், அந்த ஆர்வம் பக்கத்துப் பன்றியின் வாலைக் கடிப்பதில் போய் முடியும். பெரும் பண்ணைகள் அதற்குக் கண்ட தீர்வு வாலை வெட்டிவிடுவது. கைப்பிடி வைக்கோலோ காய்ந்த புல்லோ போட்டால் குறைந்துவிடும் பழக்கத்துக்காகக் குட்டிகளின் வாலும் பல்லும் மயக்க மருந்தின்றி வெட்டப்படுகின்றன. திறந்தவெளி வளர்ப்பிலும் ஒரு வதை உண்டு: நிலத்தைக் கிளறாமலிருக்க மூக்கில் வளையம் போடுவது. வெளியே விட்டுவிட்டு, வெளியே போய்ச் செய்ய விரும்பும் ஒரே காரியத்தைத் தடுப்பது அது.

ஈனுவதற்கு முந்தைய நாள் தாய்ப்பன்றி குச்சியும் புல்லும் சேர்த்துக் கூடு கட்டும். கட்டப் பொருள் இல்லாவிட்டாலும் வெறுந்தரையைக் கால்களால் சீய்த்துக்கொண்டே இருக்கும். சினைக்காலத்தில் அதைத் திரும்பக்கூட முடியாத இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தும் முறையைப் பிரிட்டன் 1999-இல் தடைசெய்தது. இயற்கை முறையில் அதற்கு இடமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை முறை விதிகளில் குட்டிகளை 40 நாள்களுக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் 30 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். தாய்க்கு அவ்வளவு சூடு ஆகாது. ஆகவே கொட்டகையின் ஒரு மூலையில், தாய் நுழைய முடியாத, குட்டிகள் மட்டும் புகுந்துகொள்ளக்கூடிய வைக்கோல் அறையைப் பலகையால் தடுத்து அமைக்க வேண்டும். தாயின் உடலுக்கடியில் நசுங்கிச் சாகும் குட்டிகளின் எண்ணிக்கையும் இதனால் குறையும். செலவு சில பலகைகள்தாம். சிமெண்டுத் தரையில் வளரும் குட்டிக்கு இரத்தசோகை வராமலிருக்க இரும்புச்சத்து ஊசி போடுவார்கள். மண்ணைத் தின்று வளரும் குட்டி அதில் பெரும்பகுதியை மண்ணிலிருந்தே பெற்றுக்கொள்கிறது.

அப்படியானால் பன்றியை மலைச்சரிவில் அவிழ்த்துவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. சரிவில் கிளறிய மண் அடுத்த மழைக்குக் கீழே போகும். 2009 நவம்பரில் மண்சரிவுகளால் மக்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. காட்டுப்பன்றியால் வரும் நோயும் இருக்கிறது. இம்மலைக்குப் பொருந்துவது நடுவழி: கூரையுள்ள கொட்டகை, முழங்கால் ஆழத்துக்குக் காய்ந்த புல், மரத்தூள், சருகு பரப்பிய படுக்கை, அதை ஒட்டி இரட்டை வேலியிட்ட சமதள முற்றம். இரண்டு வேலிகளுக்கும் இடையே காட்டுப்பன்றி மூக்கை நீட்டினாலும் வீட்டுப்பன்றியை எட்டாத இடைவெளி. பன்றி படுக்கையைக் கிளறும், கிளறியதே எருவாகும். இந்தப் படுக்கைக்குத் தேயிலை ஆலைக் கழிவைப் போடலாமே என்று சிலர் யோசிப்பதுண்டு. 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் இல்லாமல் அதை வாங்குவதோ வைத்திருப்பதோ குற்றம். மலையில் குப்பைக்கும் சட்டம் இருக்கிறது.

தீவனத்துக்கு வருவோம். சிறு வளர்ப்பாளர்களின் பன்றிகள் பெரும்பாலும் உணவகக் கழிவில் வளர்கின்றன. அக்கழிவில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று இருந்தால் ஆப்பிரிக்கக் காய்ச்சல் அதன் வழியே கொட்டகைக்குள் வரும். பிரிட்டன் 2001-இல் கோமாரி நோய்க்குப் பின் உணவகக் கழிவூட்டலையே தடைசெய்தது. இங்கே தடைசெய்தால் வளர்ப்பாளர் தொழிலை விட வேண்டியதுதான். அரை மணி நேரம் நன்கு கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடுத்தால் வைரஸ் அழிந்துவிடும். அதற்கு விறகும் பெரிய அண்டாவும் வேண்டும். விறகுக்குக் காட்டுக்குப் போனால் வனத்துறை வழக்கு. சாண எரிவாயுக் கலன் ஒன்றைப் பத்து வளர்ப்பாளர்களுக்குப் பொதுவாக அமைத்தால் பன்றிச் சாணமே பன்றிக் கஞ்சியைக் காய்ச்சும்.

நாடாப்புழு பற்றியும் ஒரு சொல். பன்றிக்கறியால் மூளையில் புழு வரும் என்ற அச்சத்தைக் காட்டியே பன்றி வளர்ப்பவர்கள் ஊரைவிட்டு விரட்டப்படுகிறார்கள். அப்புழு தன் முட்டைகளை மனித மலத்தின் வழியே வெளியேற்றுகிறது. அம்மலம் திறந்தவெளியில் கிடந்தால்தான் பன்றிக்குச் செல்கிறது. மூளைக்குப் புழு செல்வதும் அம்முட்டைகள் கைவழியாகவோ நீர்வழியாகவோ வாய்க்குள் போவதால்தான். மரக்கறி மட்டும் உண்பவருக்கும் வரும். கழிப்பறை இல்லாத லைனில் நோயைப் பரப்புவது பன்றியன்று, கழிப்பறை கட்டாதவர்.

யாருடைய விலங்குகள்?

தமிழ்நாட்டில் பன்றி வளர்ப்பு பெரும்பாலும் அருந்ததியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட சமூகங்களின் கையில் இருக்கிறது. நகராட்சித் தூய்மைப் பணியும் பன்றி வளர்ப்பும் ஒரே குடியிருப்பில் இருப்பது தற்செயலன்று. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையை அடியொற்றித் தமிழ் இயக்கிய ‘சேத்துமான்’ திரைப்படம் காட்டியதுபோல, பன்றிக்கறியை மறைவில் விரும்பி உண்பவர்களே வளர்ப்பவரைப் பகலில் தீண்டுவதில்லை. தெருவில் திரியும் பன்றி குறித்துப் ‘பன்றித் தொல்லை’ என்று செய்தி வருகிறது. நகராட்சி பிடித்துக்கொண்டு போகிறது. பன்றி தெருவில் திரிவதற்குக் காரணம், அதை அடைக்க வளர்ப்பவருக்கு ஒரு சென்ட் நிலம் இல்லாததே என்று எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

நீலகிரியின் நிலக்கதையைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். 1964-இல், ரூத் ஹாரிசனின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று தலைகளைப் பங்கிட்டது. தாயகம் திரும்பியோர் என்று பெயரிடப்பட்ட அவர்களுள் தலித்துகளே மிகுதி. அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இரண்டு, மூன்று தலைமுறைகள் பறித்துக் கொடுத்த பின்னும் அவர்கள் குடியிருக்கும் லைன் வீடு அவர்களுடையதன்று. வீட்டோரத்தில் கொட்டகை எழுப்ப நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 2022-இல் டான்டீயின் இரண்டாயிரம் எக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, இருக்கும் கூரையும் போய்விடுமோ என்று தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தனர். கூடலூரிலோ, 1969-ஆம் ஆண்டின் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் வாழ்வோருக்குப் பட்டாவும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. குஞ்சுக்கு 35 பாகை வெப்பம் தரும் விளக்கை எங்கே மாட்டுவது?

‘நிலமற்ற கால்நடை வளர்ப்பு’க்கு இப்போது திரும்புவோம். இயற்கைச் சான்றிதழுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நிறுவனங்கள் கட்டணம் பெற்று ஆய்வு செய்து தருவது. மூன்று பன்றி வளர்ப்பவருக்கு அது எட்டாது. மற்றொன்று, பங்கேற்பு உறுதிமுறை. அருகருகே வாழும் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகி, ஒருவர் பண்ணையை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறும் முறை இது. மலிவானது, நல்ல எண்ணம் கொண்டது. ஆனால் அது அண்டைவீட்டாரின் நல்லுறவை மூலதனமாகக் கொண்டது. கேரட் பயிரிடும் நிலவுடைமையாளர் அருந்ததியர் குடியிருப்புக்குள் வந்து பன்றிக் கொட்டகையைப் பார்வையிட்டுக் கையெழுத்திடுவாரா? தம் வயலை அவர்கள் வந்து பார்வையிட ஒப்புவாரா? சாதி இல்லாத ஊருக்காக எழுதப்பட்ட விதி சாதியுள்ள ஊரில் சாதியின் வேலையைச் செய்யும்.

அரசு மானியங்களும் இதே போக்குதான். 2021-இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம் பன்றி வளர்ப்புக்கு 50 விழுக்காடு மானியம் அறிவித்தது. அதன் அலகு 100 பெட்டைப் பன்றிகளும் 10 ஆண் பன்றிகளும். மானிய உச்சவரம்பு 30 இலட்சம் ரூபாய். மீதிப் பணத்துக்கு வங்கி, வங்கிக்கு ஈடு, ஈட்டுக்கு நிலம். நூறு பன்றிகளை ஒரே இடத்தில் அடைக்கும் பண்ணைக்கு அரசு பணம் தரும். மூன்று பன்றிகளை வைக்கோலில் வளர்க்கும் பெண்ணுக்குத் தராது. விலங்கு நலக் கண்ணோட்டத்திலேயே இது தலைகீழ்.

சட்டம் யார்மீது பாய்கிறது?

வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கான தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல ஆண்டுகளாக அது மாறவில்லை. இதை வைத்துச் சட்டம் பல்லில்லாதது என்பார்கள். பெரும் பண்ணைகளுக்குப் பல்லில்லைதான். ஏழைக்கு உண்டு, அது பறிமுதல். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, வழக்கு நடக்கும் காலமெல்லாம் விலங்கு காப்பகத்தில் இருக்கும்; பராமரிப்புச் செலவை உரிமையாளரிடம் கேட்பார்கள். இவ்விதிகளை 2021-இல் உச்ச நீதிமன்றமே கேள்விக்குள்ளாக்கியது. கால்களைக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டுப் பன்றியைக் கொண்டுசெல்வது வதைதான். அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவரிடம் வண்டி இல்லை, ஊரில் முறையான வதைகூடம் இல்லை. 2001-ஆம் ஆண்டின் வதைகூட விதிகள், ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றைக் கொல்லக் கூடாது என்கின்றன; உணவுப் பாதுகாப்பு விதிகள் முதலில் மயக்கமுறச் செய்ய வேண்டும் என்கின்றன. பன்றிக்கு அந்த வசதியுள்ள கூடத்தைக் கட்டும் கடமை உள்ளாட்சியுடையது. கடமை தவறியவருக்குத் தண்டமில்லை, வசதியற்றவருக்குப் பறிமுதல்.

இதனாலேயே விலங்கு நலம் மேல்சாதி மரக்கறி அரசியலின் மறுபெயர் என்று தோழர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அச்சட்டத்துக்கு வித்திட்ட மசோதாவை 1953-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்தவரும், 1962-இல் உருவான விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் ருக்மிணி தேவி அருண்டேல். இந்த வரலாற்றுப் பின்னணியில் அவர்களின் ஐயம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் அதை நாம் ஏற்கவில்லை. மாட்டிறைச்சியை வைத்து மனிதரைக் கொல்லும் அரசியல் வேறு. ஈன்ற பன்றிக்கு வைக்கோல் போடுவது வேறு. இந்த அறிவு வளர்ப்பவரிடம் இருக்கிறது. அதைச் செய்து முடிக்கும் நிலமும் பணமும்தாம் அவரிடம் இல்லை. பௌத்தத்தின் வழியே சாதியொழிப்பைப் பேசிய அயோத்திதாசர் தம் இளமையில் வாழ்ந்து, 1870-களில் அத்வைதானந்த சபையை நிறுவியது இதே நீலகிரியில்தான். உயிர்களிடத்து அன்பை அக்ரகாரத்திடம் கடன்வாங்க வேண்டிய மரபன்று நம்முடையது.

நோய் வரும்போது நடப்பதையும் சட்டக் கண்ணோடு பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, விலங்குக்கு நோய் கண்டால் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. அரசு கொல்லும் பன்றிக்கு இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி ஏற்கின்றன. அதற்கு முன்பே தானாகச் செத்த பன்றிக்கு இல்லை. எனவே முதல் பன்றி சுருண்டு படுத்த அன்றே தகவல் சொல்பவருக்குத்தான் மற்ற பன்றிகளுக்கான தொகை கிடைக்கும். இதை யாரும் விளக்காததால், அஞ்சியவர் மீதியைக் கிடைத்த விலைக்கு விற்கிறார். நோய் அடுத்த ஊருக்குப் போகிறது. கொன்றவற்றைப் புதைக்கக் குழி தோண்டுவது யார்? 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(i) பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ விலங்குச் சடலங்களை அகற்றவோ சுமக்கவோ செய்வதைக் குற்றமாக்குகிறது. தூய்மைப் பணியாளர்களை வரவழைத்துச் சடலங்களை இழுக்கச் சொல்லும் அதிகாரிக்கு இப்பிரிவை எழுத்தில் நினைவூட்ட வேண்டும். பொக்லைன் எந்திரம் எதற்கு இருக்கிறது?

நாம் கேட்க வேண்டியவை புதிய சட்டங்களல்ல. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்குக் கோழிக் கூண்டும் பன்றிக் கொட்டகையும் கட்டித்தருவதைத் தன் முதல் அட்டவணையிலேயே சேர்த்திருந்தது. நீலகிரியின் ஒவ்வோர் ஊராட்சியிலும் அதன்கீழ் எத்தனை பன்றிக் கொட்டகைகள் கட்டப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது, கல்லூரி மாணவர்கள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை. சொந்த மனை இல்லாதவர்களுக்கு ஊராட்சிப் புறம்போக்கில் பொதுக்கொட்டகை, அதன் அனுபவ உரிமை பெண்கள் குழுவின் பெயரில். தாட்கோவின் நன்னிலம் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க மானியம் தருகிறது. தோட்டத் தொழிலாளிப் பெண்ணையும் விவசாயத் தொழிலாளியாக அது ஏற்கச் செய்ய வேண்டும். பங்கேற்பு உறுதிமுறைக் குழுக்களைப் பதிவு செய்யும்போது பட்டாவுக்குப் பதில் ஊராட்சியின் அனுபவச் சான்றை ஏற்கச் சொல்லலாம். பறிமுதலுக்கு முன் குறை நீக்க அவகாசமும் கால்நடை மருத்துவரின் வருகையும் கட்டாயம் என்று ஆட்சியரிடம் சுற்றறிக்கை கோரலாம்.

உடனே செய்யக்கூடிய சிறு வேலை ஒன்றும் உண்டு. கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் நடக்கிறது. அலுவலர்கள் காலை பத்து மணிக்குமேல் வந்தால், கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையில் இருப்பார்கள், கோழிகள் தேயிலைக்குள் இருக்கும். பூட்டிய வீட்டையும் காலிக் கூண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். கோழி கூண்டை விட்டு இறங்கும் முன், விடியற்காலையில் ஒவ்வொரு லைனுக்கும் வர வேண்டும் என்று கால்நடைப் பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு ஜனவரியிலேயே மனு கொடுத்துவிடுங்கள். மனுவில் லைன்களின் பெயர்களையும் கோழிகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பன்றிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள்.